மரைன் ஹோட்டலுக்கு எதிரே

செப்டெம்பர் 4, திங்கள்

வைத்திய நிலையத்து நர்ஸ் சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். நெஞ்சு படபடக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தேன், என்ன சாப்பிட்டேன், அதற்குச் சற்று முன்னர் என்ன நடந்தது என்றெல்லாம் குறிக்க வேண்டுமாம். எந்த மொழியில் என்று அவள் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் அவளால் வாசிக்க முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கேட்டால் வாசித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று படபடப்பு இல்லை. பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். ஐஸ்கிரீம் பெட்டியைத் துடைத்து, மின்சாரத்தை நிறுத்தினேன். எங்கள் கடற்கரை ஊரான ஹெரன்ஸ்கேட்டில் கோடை முடிந்துவிட்டது. இனிக் கடற்கரை வீதியில் நாய்களும் நாய்களை நடத்திப் போகிறவர்களும்தான்.

கீத் வழமைபோல் பத்திரிகையும் புகையிலையும் வாங்கினார். இந்த ஊரில் என்னோடு முதலில் பழகியவர் அவர்தான். நாங்கள் கடையை எடுத்த முதல் குளிர்காலத்தில் யாரோ முன்கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனார்கள். கேட்காமலே பலகையோடு வந்து அடைத்துத் தந்தார். அவர் தச்சர். ஊரின் உயிர்காப்புப் படகிலும் தொண்டராக இருக்கிறார். கடலில் ஆபத்தென்றால் கூப்பிட இடுப்பில் ஒரு சின்னக் கருவி. அது சத்தமிட்டால் தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தோம் என்றுகூடப் பார்க்காமல் ஓடுவார். என் முழுப்பெயர் கருணைலிங்கம். அவருக்கு நான் லிங்.

செப்டெம்பர் 7

எங்கள் கடைக்கு எதிரே இரண்டு குளிர்காலமாக மூடிக் கிடந்த மரைன் ஹோட்டலில் வெளிச்சம் தெரிகிறது. கட்டில்கள் இறக்குகிறார்கள். புகலிடம் கேட்டு வந்தவர்களை அங்கே தங்க வைக்கப் போகிறார்களாம். காலையிலிருந்து கடையில் வேறு பேச்சில்லை.

வழமையாக வரும் முதியவர் போலின் அம்மா, பிஸ்கட் வாங்க வந்தவர், என் கையைத் தட்டிச் சொன்னார்: “உம்மைப் பற்றி இல்லை, ராசா. நீர் எங்கட ஆள்.”

நான் நன்றி சொன்னேன். அவர் போன பிறகு, எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்தேன். தெரியவில்லை.

படபடப்பு: இரண்டு முறை. கோப்பி குடித்திருந்தேன்.

செப்டெம்பர் 9, சனி

கீத் போஸ்டர் கொண்டு வந்தார். ‘எங்கள் ஊர், எங்கள் குரல். மரைன் ஹோட்டல் வேண்டாம்.’ இறைச்சிக் கடையிலும் முடி வெட்டுகிற இடத்திலும் ஏற்கனவே ஒட்டிவிட்டார்களாம்.

“உம்மட கதவுதான் ஹோட்டலுக்கு நேர் எதிர்,” என்றார். “உமக்கு ஆட்சேபனை இல்லைத்தானே?”

இல்லை என்றேன். அவர் மேல் முனையை ஒட்டினார். கீழ் முனையை நான் பிடித்துக்கொண்டேன். கோணலாகப் போய்விட்டது என்று சொல்லி மறுபடி நேராக ஒட்டினோம்.

மாலையில் என் மனைவி தவமலர் கடைக்குள் வந்தாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“அதில என்ன எழுதிக் கிடக்கு?”

அவளுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வரும். ஆனாலும் வாசித்துக் காட்டினேன்.

“ஓ,” என்றாள். பால் பெட்டிகளை உள்ளே கொண்டுபோனாள்.

இரவுச் சாப்பாடு கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

செப்டெம்பர் 10

தவம் வெளியூரில் இருக்கும் மகளின் அறையில் படுத்தாள். என் குறட்டை கூடிவிட்டதாம்.

செப்டெம்பர் 14, வியாழன்

தேவாலய மண்டபத்தில் பொதுக்கூட்டம். தேயிலையும் பாலும் எங்கள் கடையிலிருந்து கொடுத்தேன். ஊர் முழுக்க வந்திருந்தது. இருக்கை போதாமல் சிறுவர் பாடசாலையின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கீத் நன்றாகப் பேசினார். ஊருக்கு ஒரு வைத்தியர். பல்லுக்குப் போகப் பக்கத்து நகரம். பஸ்ஸைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். “எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டவையோ? இந்த ஊரில ஆக்கள் இருக்கினம் எண்டு அவைக்குத் தெரியுமோ?” என்று கேட்டார். நானும் கைதட்டினேன். வைத்தியரைப் பார்க்க நான் காத்திருந்தது எனக்குத்தானே தெரியும்.

பிறகு வெளியூர்க்காரன் ஒருவன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே எழுந்தான். படகில் வருகிறவர்களைப் பற்றிச் சொன்னான். அவன் சொன்னதை இங்கே எழுத மனமில்லை. கீத் எழுந்து நேரே அவன் முன்னால் போனார்.

“நீ எந்த ஊர்?”

அவன் ஏதோ பெயர் சொன்னான்.

“அப்ப இரு. நான் தண்ணிக்குள்ள இருந்து தூக்கின ஆக்களைப் பற்றி என்ர மண்டபத்தில அப்பிடிக் கதைக்கக் கூடாது.”

அவன் நாற்காலியில் இருந்துவிட்டான். மண்டபம் அமைதியாகியது. கீத் யார் பக்கம் என்று எனக்குக் குழம்பிப் போயிற்று. அவருடைய கையில் இன்னும் அந்தப் போஸ்டர்கள் இருந்தன.

அமைதியைக் கலைக்கத்தானோ என்னவோ, பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: “லிங்கைப் பாருங்கோ. அவர் முறைப்படி வந்தவர். முறைப்படி வாறவையோட எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

நான் எப்படி வந்தேன் என்று இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. நர்ஸ் கேட்டது நெஞ்சைப் பற்றி மட்டும்தான். படபடப்பு: மண்டபத்தில் ஒரு முறை, வீட்டுக்கு வரும் வழியில் நீண்ட நேரம். மண்டபத்தில் காற்றோட்டம் போதாது.

செப்டெம்பர் 22, வெள்ளி

மழை. மத்தியானம் பஸ் வந்தது. ஆண்கள் மட்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு பிளாஸ்டிக் பை. எதிர்ப்புக் காட்டப் போவதாகச் சொன்னவர்கள் மழையால் வரவில்லை.

சற்று நேரத்தில் அவர்களில் ஒருவர் வீதியைக் கடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். காதோரம் நரை. செருப்புக்குள் நனைந்த காலுறை. கதவில் ஒட்டியிருந்ததை வாயசைத்து வாசித்தார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது.

“அண்ணை, நீங்கள் தமிழோ?”

கடையில் போலின் அம்மா நின்றார். வேறு இருவரும் நின்றார்கள்.

“யெஸ்? கேன் ஐ ஹெல்ப் யூ?” என்றேன்.

அவர் கடையில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு கைபேசிக்குப் போடும் சிம் அட்டையைக் கையால் காட்டி வாங்கினார். “தாங்க்யூ, சேர்,” என்றார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

ஏன் ஆங்கிலம் வந்தது என்று தெரியவில்லை. கடையில் நாள் முழுக்க ஆங்கிலம்தான் பேசுகிறோம். பழக்கம்.

படபடப்பு: மாலை வரை. குளிராக இருக்கலாம்.

செப்டெம்பர் 25

தவம் நடக்கப் போய்விட்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக்கு வந்தாள்.

“ஹோட்டலில ஒரு தமிழ் ஆள் இருக்கிறார். மன்னார். சூசைதாசன் எண்டு பேர். அங்க பஸ் ஓடினவராம்.”

“அப்பிடியோ,” என்றேன்.

“முன்கடைக்குப் போனவராம். கடைக்காரர் வடநாட்டு ஆள்போல, தமிழ் விளங்கேல்லை எண்டு சொல்லுறார்.”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாருங்கோ, நான் உங்களோடதான் கதைக்கிறன். நீங்கள் எப்பிடி இந்த நாட்டுக்கு வந்தனீங்கள்? லொறிக்குள்ள, தக்காளிப் பெட்டிக்குப் பின்னால. மூச்சு விடக்கூடப் பயந்து. கலியாணம் முடிச்ச புதுசில ஒவ்வொரு கிழமையும் அதைக் கனவு கண்டு எழும்பினது நீங்கள்தானே? நான்தானே தண்ணி கொண்டந்து தந்தனான்?”

“அது வேற காலம், தவம். அங்க சண்டை நடந்தது.”

“அவருக்கு என்ன நடந்தது எண்டு கேட்டனீங்களோ?”

நான் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டாள்.

“அப்ப அந்தப் போஸ்டரைக் கழட்டிப்போடு,” என்றேன்.

“நீங்கள் ஒட்டினது. நீங்கள் கழட்டுங்கோ.”

கழற்றலாம். ஆனால் கீத் தினமும் காலையில் அந்தக் கதவால்தான் வருகிறார். அவர் என்ன நினைப்பார்?

வெங்காயத்தால் கண்ணில் நீர். அதையும் குறித்து வைக்கிறேன்.

ஒக்டோபர் 1, ஞாயிறு

தவம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கடையைத் தானே பூட்டினாள்.

சூசைதாசன் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, “வணக்கம், அண்ணை,” என்றார். அவ்வளவுதான். அன்று நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் ஒரு காரணம் தயார்பண்ணி வைத்திருந்தேன். அதைச் சொல்ல அவர் இடமே தரவில்லை.

சோறும் மீன் குழம்பும். ஹோட்டலில் தினமும் ஒரே உருளைக்கிழங்காம். மெதுவாகச் சாப்பிட்டார். மன்னாரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஏன் வந்தார் என்று தவம் கேட்கவில்லை. அவர் தானாகக் கொஞ்சம் சொன்னார். காணாமல் போன தம்பிக்காகப் போராட்டங்களில் நின்றாராம். வீட்டுக்கு ஆட்கள் வந்துபோகத் தொடங்கினார்களாம். பிறகு பேச்சை மாற்றி, “இஞ்சத்தைப் பஸ் டிரைவர்மார் எப்பிடி இந்த ஒடுக்கமான றோட்டில திருப்பினம்?” என்று கேட்டார்.

போகும்போது தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டே போனார். தடுத்தும் கேட்கவில்லை. அவர் வந்ததும் போனதும் போஸ்டர் ஒட்டிய கதவால்தான். கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வேறு வாசல் இல்லை.

படபடப்பு இல்லை. மீன் ஒத்துக்கொள்கிறது போலும்.

ஒக்டோபர் 12

வைத்தியர் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சோதனை முடியும் வரை கார் ஓட்டக் கூடாதாம். வீட்டில் ஏதும் கவலையோ என்று கேட்டார். இல்லை என்றேன். இனிச் சரக்கு எடுக்கத் தவம்தான் போக வேண்டும்.

ஒக்டோபர் 17, செவ்வாய்

யாரோ மரைன் ஹோட்டலின் கீழ்த்தளக் கண்ணாடிக்குக் கல்லெறிந்திருக்கிறார்கள். கடைக்குள் இருந்தே பார்த்தேன். காவல்துறை வந்து எழுதிக்கொண்டு போனது. பிறகு கீத் தன் வான் வண்டியில் வந்தார். பலகையை இறக்கி, அளந்து, அறுத்து, அடைத்தார். சூசைதாசனும் இன்னொருவரும் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வேலை முடிந்ததும் நேரே எங்கள் கடைக்கு வந்தார். சட்டைக் கையில் மரத்தூள்.

“நீங்கள் ஏன் கீத் இதைச் செய்யிறீங்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

“கண்ணாடி உடைஞ்சால் குளிர் உள்ளுக்க வரும்.”

“அவை அங்க இருக்கக் கூடாது எண்டு சொல்லுறது நீங்கள்தானே.”

“ஓம். இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிற வரைக்கும் குளிரக் கூடாது.” என்னைப் பார்த்தார். “உமக்கு ஏன் இது விளங்குதில்லை?”

பிறகு சனிக்கிழமை ஊர்வலத்துக்கான புதிய போஸ்டரைத் தந்தார். பழையதற்குப் பக்கத்தில் ஒட்டினோம். இந்த முறை அவர் கையில் மரத்தூள் இருந்ததால் நானே ஒட்டினேன்.

மனிதர்களை ஒரு பக்கமாக வைத்துப் பார்க்க முடியவில்லை. தலை வலிக்கிறது.

ஒக்டோபர் 21

மழைக்காக ஊர்வலத்தை அடுத்த சனிக்குத் தள்ளிவிட்டார்கள். போஸ்டரில் திகதியைப் பேனையால் மாற்றினேன்.

ஒக்டோபர் 28, சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

ஊர்வலம் முற்பகலில் மணிக்கூண்டிலிருந்து புறப்பட்டது. கீத் முன்னால் பதாகையோடு வந்தார். ஹோட்டல் வாசலில் காவல்துறையினர் சிலர். மேல்மாடி ஜன்னல்களில் திரைகள். ஊர்வலம் எங்கள் கடையைத் தாண்டும்போது கீத்தின் இடுப்பில் அந்தக் கருவி சத்தமிட்டது. பதாகையை வீதியிலேயே போட்டுவிட்டு ஓடினார். ஊர்வலத்தில் வந்த வேறு இருவரும் அவருக்குப் பின்னால் ஓடினார்கள். மிஞ்சியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

யாரோ கடைக்குள் வந்து சொன்னார்கள்: “கடலுக்குள்ள ஒரு ஆள் நடந்து போனதைப் பாத்தவையாம். ஹோட்டலில இருக்கிற ஆளாம்.”

தவம் சரக்கெடுக்கப் போயிருந்தாள். நேற்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. சூசைதாசனுடைய விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்களாம். இரண்டு நாளாக அவர் யாரோடும் பேசவில்லையாம். நேற்று அதைக் கேட்டபோது நான், “அப்பீல் பண்ணலாம்தானே,” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தேன்.

கடையைப் பூட்டினேனா, திறந்தபடி விட்டேனா, தெரியாது. படகுத் துறைக்கு ஓடினேன். படகு அப்போதே அலைகளைத் தாண்டிப் போய்விட்டது. கடற்சுவரோரம் கூட்டம். ஊர்வலக்காரர்களும் ஹோட்டலில் தங்கியிருந்தவர்களும் கலந்து நின்றார்கள். கடல் சாம்பல் நிறம். ஒன்றும் தெரியவில்லை.

நான் கத்தினேன். “சூசை! சூசைதாசன்! தம்பி!” என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. “திரும்பி வாங்கோ, அம்மாவாணை திரும்பி வாங்கோ,” என்று தமிழில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, கத்தினேன். போலின் அம்மா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார். நான் சுவரில் ஏறப் பார்த்தேனாம். அது எனக்கு ஞாபகமில்லை.

பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

“அண்ணை. நான் இஞ்சைதான் நிக்கிறன்.”

சூசைதாசன், தேவாலயத்தில் கொடுத்த பச்சை மேலங்கியோடு நின்றார். நான் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். அப்படியே கீழே, ஈரத் தரையில் இருந்துவிட்டேன்.

படகு திரும்பியது. எஞ்சின் நின்றுபோன சிறு படகில் தத்தளித்த தூண்டில்காரர் இருவரை ஏற்றி வந்தார்கள். உள்ளூர் ஆட்கள். கடலுக்குள் யாரும் நடந்து போகவில்லை.

கீத் தலை நனைந்தபடி மேலே வந்தார். என்னைப் பார்த்து, “ஆர் அது? ஆரைக் கூப்பிட்டுக் கத்தினீர்? துறையில நிண்ட ஆக்கள் சொல்லிச்சினம்,” என்றார்.

“இவரை. இவர் எங்கட ஆள்.” மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. “நானும் இவரைப்போலத்தான் வந்தனான், கீத். லொறிக்குள்ள ஒளிச்சு வந்தனான். முறைப்படி இல்லை.”

கீத் கையுறைகளைக் கழற்றினார். பிழிந்தார்.

“இவ்வளவு வருசத்தில ஒருக்காலும் சொல்லேல்லை,” என்றார். குரலில் கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. படகைக் கழுவப் போய்விட்டார்.

ஒக்டோபர் 29

இரண்டு போஸ்டர்களையும் கழற்றினேன். பசை இலகுவில் போகவில்லை. தவம் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றாள். குறட்டை குறைந்திருக்கிறதாம்.

கீத் வரவில்லை.

நவம்பர் 3

கீத் வரவில்லை. பத்திரிகையை நாள்தோறும் எடுத்து வைக்கிறேன். பெட்ரோல் நிலையத்தில் வாங்குகிறார் என்று கேள்வி. போலின் அம்மா வழமைபோல் வருகிறார். ஆனால் பிஸ்கட்டை எடுக்கும்போது ஏதோ சொல்ல வந்து நிறுத்துகிறார். வேறு சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். புதிதாகச் சிலர் வந்து தேவையில்லாமல் பெரிய சாமான்களாக வாங்கிப்போகிறார்கள். எது நல்லது என்று புரியவில்லை.

நவம்பர் 8, புதன்

காலையில் கதவைத் திறந்தபோது ஹோட்டல் இருண்டு கிடந்தது. விடிவதற்கு முன்னரே பஸ்கள் வந்து எல்லாரையும் ஏற்றிப் போய்விட்டன. ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தவம் சூசைதாசனுக்கென்று செய்த இடியப்பம் மேசையில் மூடிக் கிடந்தது.

மத்தியானம் அவர் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். உள்நாட்டில் ஏதோ பெரிய நகரமாம், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் பழைய அலுவலகக் கட்டடமாம். அவசரத்தில் பச்சை மேலங்கியும் அப்பீலுக்கான கடதாசிகளும் அறையில் விடுபட்டுவிட்டனவாம். “பரவாயில்லை, அண்ணை,” என்றார். அப்பீலுக்குத் திங்கள்தான் கடைசி நாள் என்பதைத் தவம் கேட்டுத்தான் சொன்னார்.

ஊரில் சிலர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். வென்றுவிட்டார்களாம்.

கடை மூடுகிற நேரம் கீத் உள்ளே வந்தார். கையில் அந்த மேலங்கி. பைக்குள் கடதாசிகள். ஹோட்டலின் தண்ணீர்க் குழாய்களை மூடிவிடக் கூப்பிட்டார்களாம். அறைகளைப் பார்த்தாராம்.

“கொண்டு வரேக்க எங்களிட்டக் கேக்கேல்லை. கொண்டு போகேக்கயும் சொல்லேல்லை,” என்றார். “கட்டிலில தேத்தண்ணிக் கோப்பை அப்பிடியே இருந்தது. அரைவாசி குடிச்சபடி.”

“நீங்கள் கேட்டதுதானே நடந்திருக்கு,” என்றேன்.

“நான் இதைக் கேக்கேல்லை.”

பிறகு மேலங்கியை மேசையில் வைத்து, நன்றாக மடித்தார். தபாலில் அனுப்பினால் திங்களுக்கு முன் போகுமோ தெரியாது என்றேன். தவத்துக்குக் காய்ச்சல், எனக்குக் கார் ஓட்டத் தடை என்றேன்.

“சனிக்கிழமை என்ர வானில போவம்,” என்றார். கேள்விபோல இல்லை.

நவம்பர் 11, சனி

போய் வந்துவிட்டோம்.

தவம் காய்ச்சலோடும் எழும்பி ஒரு பெட்டி நிறையக் கட்டியிருந்தாள். கோழிக்கறி, பிட்டு, மிளகாய்த்தூள், கருவாடு, கம்பளிக் காலுறை, இன்னும் என்னென்னவோ. வானில் ஏறியதும் கீத் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டார். கருவாட்டு மணம்.

வழிநெடுக அரசாங்கத்தைத் திட்டினார். ஹோட்டலில் ஆட்களைப் போட்டு அடைப்பது பிழை என்பதில் அவர் மாறவில்லை. “அப்ப எங்க போட வேணும்?” என்று கேட்டேன். முன்னால் போன லொறியை முந்திக்கொண்டு போனார். அந்த லொறியின் தார்ப்பாயை நான் பார்ப்பதை அவர் பார்த்தார். “எவ்வளவு நேரம் உள்ளுக்க இருந்தனீர்?” என்று கேட்டார்.

சொன்னேன். தேநீர் குடிக்க நிறுத்தினபோது எனக்கும் வாங்கிவந்தார், சீனி போடாமல். இத்தனை வருடத்தில் அவர் எனக்குத் தேநீர் வாங்கியது இதுதான் முதல்.

கட்டடம் வெறிச்சென்று இருந்தது. மரமில்லை, மனிதரில்லை. வாசலில் காவலாளி. பாரமான பெட்டியைக் கீத் தோளில் வைத்திருந்தார். சூசைதாசன் படியிறங்கி வந்தார். மூன்று நாளுக்குள் இளைத்துப்போயிருந்தார். கடதாசிகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலங்கியை அங்கேயே போட்டுக்கொண்டார். பிறகுதான் எனக்குப் பின்னால் நின்ற கீத்தைக் கண்டார். பதாகையோடு ஊர்வலத்தில் முன்னால் வந்த மனிதரை அவருக்கு மறந்திருக்க முடியாது.

“அண்ணை,” என்றார் தணிந்த குரலில், “இவர் ஏன் வந்தவர்?”

நான் வழிநெடுக யோசித்ததும் அதைத்தான்.

“என்ன கேக்கிறார்?” என்றார் கீத்.

“நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்.”

கீத் பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றினார். கழுத்தெல்லாம் சிவந்துபோயிருந்தது.

“பெட்டி பாரம் எண்டு சொல்லும்,” என்றார்.